சைடு பார்த்த காலம்

ரிங் பிரேம் ஓட்டுகிறவரை மில்லில் சைடர் என்று சொல்வோம். மெஷினின் இரண்டு பக்கமும் கதிர்கள் வரிசையாக நின்று சுற்றும். ஒரு பக்கம் ஒரு சைடு. இரண்டு மில்காரர்கள் பஸ்ஸில் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது, "எத்தனை சைடு பாக்கறீங்க, என்ன நம்பர் ஓடுதுங்க?" என்பதுதான். நம்பர் என்பது நூலின் நுண்மைக் கணக்கு. ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை அடங்குமோ அதுவே அதன் நம்பர். நாற்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 33,600 கஜம். கோவை சிங்காநல்லூரில் ஒரு நுனியைக் கட்டிவிட்டு நடந்தால் பல்லடம் வரைக்கும் வரும். அறுபதும் எண்பதும் இன்னும் மெல்லிசு. நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல் சுற்றும் கதிரில் அந்த இழை ஏறும்போது அறுந்தால், மெஷினை நிறுத்தாமல் சேர்க்க வேண்டும். எங்கள் தொழில் அதுதான்.

முழங்காலால் அந்தக் கதிரின் பிரேக்கை மட்டும் அழுத்தி, பாபினை உருவி, நுனியைத் தேடி எடுத்து, டிராவலர் என்னும் சின்னக் கம்பி வளையத்தில் நுழைத்து, மேலே கொக்கியில் மாட்டி, ரோலரிலிருந்து இறங்கும் பஞ்சிழையோடு விரல் நுனியில் தொட்டுவிட வேண்டும். கை பழகியவருக்குச் சில விநாடி. பழகாதவர் சேர்த்தால் அந்த இடம் தடித்துப்போகும். தடித்தது, நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங்கில் அறும், அங்கே தப்பினால் தறியில் அறும். நூலை வாங்கும் நெசவாளிக்கு எங்கள் முகம் தெரியாது. எங்கள் விரல் தெரியும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஜாபர், அதாவது எங்கள் பகுதி மேஸ்திரி, எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதவர். "அறுந்த இழையைத் தேடிட்டுத் திரியாதே கண்ணு. ஓடற இழையைப் பாத்துட்டே நட, அறுந்தது தானா கண்ணுல படும்" என்றார். அதன்படி நடந்து பார்த்தபோதுதான் ஒரு சைடு முழுவதையும் ஒரே பார்வையில் வைத்துக்கொள்ளும் வித்தை பிடிபட்டது. எட்டு மணி நேரமும் நடைதான். மெஷின் சூட்டில் உடம்பு வேர்க்கும். நூல் அறாமலிருக்க ஈரக்காற்றை ஊதுவார்கள், அந்த ஈரமும் உடம்பில் ஒட்டும். பஞ்சுத்தூசி புருவத்தில் வெள்ளையாகப் படியும். முழு நைட் பார்த்துவிட்டு வெளியே வந்தால் காதுக்குள் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மில் வேலை சுகமான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அது என்றைக்குமே உடம்பைத் தின்னும் வேலைதான். இருந்தும் எங்கள் ஊரில் அது நல்ல வேலையாக இருந்தது. வாத்தியார் மாப்பிள்ளையா மில் மாப்பிள்ளையா என்றால், பெண்வீட்டார் மில்லைப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த நல்லதனம் எங்கிருந்து வந்தது, பிறகு எங்கே போனது என்பதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

1970-களின் கடைசியில் பதிலியாகத்தான் உள்ளே போனேன். நிரந்தரத் தொழிலாளி ஒருவர் லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்பவன் பதிலி. சங்கு ஊதுவதற்கு முன்பே கேட்டில் போய் நிற்க வேண்டும். டைம்கீப்பர் பெயரைக் கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு, கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மழைக்காலத்தில், கல்யாண மாதங்களில் வேலை நிறைய கிடைக்கும். மற்ற மாதங்களில் கையைப் பிசைந்துகொண்டு நிற்போம். ஆனால் எங்களுக்கு முன்னால் வரிசை ஒன்று இருந்தது. பதிலிகளுக்கும் சீனியாரிட்டிப் பட்டியல் உண்டு, அது நோட்டீஸ் போர்டில் தொங்கும். யாரை முந்தி யாரைக் கூப்பிட்டாலும் யூனியன்காரர் கேட்பார். 1981-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை செய்தவர் எவரானாலும் நிரந்தரம், பதிலியானாலும் சரி. அந்தச் சட்டத்தின் விவரத்தைக் கேட் மீட்டிங்கில் விளக்கிச் சொன்ன அன்று, என்னோடு நின்ற பதிலிகள் எல்லோரும் விரல் விட்டுக் கணக்குப் போட ஆரம்பித்தோம்.

நிரந்தரமான பிறகு செய்த வேலை அதேதான். அதே சைடு, அதே நடை, அதே தூசி. மாறியது வேலையைச் சுற்றியிருந்தவை. அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் பஞ்சப்படி. விலைவாசிக் குறியீட்டெண் ஏற ஏற அதுவும் ஏறும். மாதா மாதம் போர்டில் புள்ளி எழுதிப் போடுவார்கள். "இந்த மாசம் புள்ளி ஏறியிருக்குதுங்க" என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம். அரிசி விலை ஏறினால் கூலியும் பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்பதை அது இல்லாத வீட்டுக்காரர்கள் சட்டென்று உணர்வார்கள். பையனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கலாமா என்று யோசிக்க முடிந்தது. சொசைட்டியில் கடன் கிடைத்தது, ஏனென்றால் அடுத்த வருடமும் நான் இங்கேதான் இருப்பேன் என்று சொசைட்டிக்குத் தெரியும். சம்பளத்தோடு விடுப்பு, பிஎஃப், தீபாவளிக்கு முன் போனஸ். போனஸ் போட்ட வாரம் ஒப்பணக்காரத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது. இருமல் பிடித்தால் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி. தமிழகத்தில் ஈஎஸ்ஐ முதன்முதலாக வந்ததே கோவையில்தான், 1955-இல்.

இவற்றையெல்லாம்விடப் பெரிதாக நான் நினைப்பது வேறொன்று. ஒரு முறை மெஷினின் கடைக்கோடிக் கியர்ப்பெட்டிக்கு மூடி இல்லாமல் ஓட்டச் சொன்னார்கள். மூடி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது, உற்பத்தி நிற்கக் கூடாது என்றார் சூப்பர்வைசர். மூடி வந்தால்தான் ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டி நின்றேன். ஜாபர் எனக்குப் பக்கத்தில் வந்து ஒன்றும் பேசாமல் நின்றார். அரைமணி நேரத்தில் மூடி வந்தது. என் பெயரில் ஒரு மெமோகூட இல்லை. முடியாது என்று சொன்னவன் மறுநாளும் அதே கேட்டுக்குள் நுழைய முடிந்தது. நல்ல வேலைக்கு என்ன இலக்கணம் என்று யாராவது கேட்டால் சம்பளத்தைச் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்வேன்.

இவை எதையும் மில் பிறக்கும்போது கூடவே கொண்டுவரவில்லை. கோவையில் முதல் மில்லை 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கினார். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று வரிசையாகச் சங்குகள் ஊத ஆரம்பித்தன. அந்த நாட்களில் வேலை நேரத்துக்கு வரம்பு என்று பேருக்குத்தான் இருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 1940-களின் பிற்பாதியில்தான் சட்டமானது. மேஸ்திரி கை நீட்டி அடிப்பது சாதாரணம். பெண்கள் பட்ட பாட்டை எங்கள் பெரியவர்கள் முழுதாகச் சொல்லவே மாட்டார்கள், பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். சங்கம் கட்டிய என்.ஜி. ராமசாமி 1943-இல் இளவயதிலேயே இறந்துபோனார். சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் சின்னையன், ராமையன், வெங்கடாசலம், ரங்கண்ணன் நான்கு பேரையும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிட்டார்கள். ஒரு பெண் தொழிலாளிக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் தொடங்கிய வழக்கு அது. ஆண்டுதோறும் அந்த நாளில் சின்னியம்பாளையத்துச் சமாதியில் கூடுகிறவர்களோடு நானும் பல தடவை நின்றிருக்கிறேன். பஞ்சப்படியும், எட்டு மணி நேரமும், சம்பளச் சீட்டும் அந்த ஆட்கள் வாங்கிக் கொடுத்தவை. தீர்ப்பாயத்தில் வாதாடி வாங்கியவை சில, வேலைநிறுத்தத்தில் பட்டினி கிடந்து வாங்கியவை சில. முதலாளிகளில் நல்லவர்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினார்கள், மறுக்கவில்லை. ஆனால் நல்லவராயிருந்த முதலாளியின் மில்லிலும் பஞ்சப்படி ஒப்பந்தத்தில் எழுதிய பிறகுதான் வந்தது.

அந்த நல்ல வேலை எல்லோருக்கும் கிடைத்துவிடவுமில்லை. என்னைப் போல் மாமனோ சித்தப்பனோ உள்ளே இருந்தால்தான் பதிலிப் பட்டியலில் பெயர் ஏறும். தலித் சமூகத்து ஆட்கள் பெரும்பாலும் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமிலும் வேஸ்ட் குடோனிலும் நின்றார்கள், தூசி அதிகம் பறக்கும் இடங்கள் அவை. ரிங் பிரேமுக்கு அவர்களில் சிலர் வர எத்தனையோ காலம் ஆனது. பெண்கள், நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கில் இருந்தார்கள். ஒரு காலத்தில் மில்லுக்குள் பெண்கள் கணிசமாக இருந்ததாகச் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது எஞ்சியிருந்தவர்கள் வயதான அக்காமார்கள் மட்டுமே. அவர்கள் ஓய்வு பெற்றபோது அந்த இடத்துக்குப் பெண்ணை எடுக்கவில்லை. எங்கள் சங்கங்கள் அதைப் பற்றிப் பெரிதாகச் சண்டை போடவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம். அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேத்திகளைத்தான் பிறகு வேறு வாசல் வழியாக, வேறு பெயரில் உள்ளே கொண்டுவந்தார்கள்.

சரிவு ஒரே நாளில் வரவில்லை. ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விட்டார்கள். பதிலிப் பட்டியலை மூடினார்கள். லோடு ஏற்றுவதை கான்ட்ராக்டில் விட்டார்கள், அது எங்கள் வேலை இல்லையே என்று இருந்தோம். பிறகு துப்புரவு, பிறகு பேக்கிங், பிறகு டாஃபிங். நிறைந்த பாபினை எடுத்துவிட்டு வெறும் பாபினை மாட்டுவது டாஃபர் வேலை, சைடராக வளரும் பையன்கள் அதில்தான் தொழில் பழகுவார்கள். அந்தப் படியை உடைத்தபோது கீழேயிருந்து மேலே வரும் வழியே அடைபட்டது. 1990-களின் பிற்பாதியில் நூல் விலை படுத்தது. சரக்கு குடோனில் தேங்கியது உண்மைதான். ஆனால் அதே சமயத்தில் அவிநாசி ரோட்டிலும் திருச்சி ரோட்டிலும் இருந்த மில் நிலங்களின் விலை, அதில் நூற்ற நூலின் விலையைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் மில்லில் முதலில் மூன்றாவது ஷிப்டை நிறுத்தினார்கள், பிறகு லே-ஆஃப், பிறகு விருப்ப ஓய்வு. விருப்பம் என்று எழுதியிருந்த காகிதத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லாதவர்கள்தான் போட்டோம்.

அரசு மில்களின் கதை தனி. நலிந்த பஞ்சாலைகளை 1974-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு, என்டிசி எனும் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் வசம் ஒப்படைத்தது. கோவையில் பங்கஜா, கம்போடியா, முருகன், ரங்கவிலாஸ், கோயமுத்தூர் ஸ்பின்னிங் எல்லாம் அப்படி ஓடியவை. 2020 மார்ச் கொரோனா ஊரடங்கில் நிறுத்தப்பட்ட அந்த மெஷின்கள் ஊரடங்கு முடிந்த பிறகும் பழையபடி ஓடவில்லை.

எங்களில் பலர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார்கள். நூல் சேர்ப்பதில் கோவையிலேயே பேர் வாங்கிய ஒரு சைடர், அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் பன்னிரண்டு மணி நேரம் கார்களுக்குக் கதவு திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு வாரவிடுமுறை கிடையாது, லீவு எடுத்தால் இன்னொரு ஆளை அவரே பிடித்துத் தர வேண்டும். ஒரு காலத்தில் எங்களைப் போன்ற பதிலிகளைக் கூப்பிட ஒரு டைம்கீப்பரும், ஒரு பட்டியலும், அதைக் கவனிக்கச் சங்கமும் இருந்தன. இப்போது பதிலி தேடுவதும் தொழிலாளியின் பொறுப்பாகிவிட்டது.

எனக்கு வேறு வழி கிடைத்தது. சைடராக இருந்து, மெஷின் பழுது பார்க்கும் பிட்டர் வேலையும் பழகியிருந்ததால் தாராபுரம் பக்கம் புதிதாக எழுந்த ஒரு மில்லில் பயிற்சி கொடுக்கும் மேஸ்திரியாக எடுத்துக்கொண்டார்கள். வெள்ளகோவில், வேடசந்தூர், பழனி, உடுமலை, அன்னூர் என்று வானம் பார்த்த பூமிகளில் அந்தக் காலத்தில் மில்கள் முளைத்துக்கொண்டிருந்தன. 1999-இல் தொடங்கிய தொழில்நுட்ப மேம்பாட்டு நிதித் திட்டத்தில் புது மெஷின் வாங்குகிறவருக்கு மத்திய அரசு வட்டியில் ஐந்து சதவீதத்தைத் தாங்கியது. மெஷினுக்குக் கிடைத்த அந்த மானியம், மெஷினை ஓட்டுகிறவரின் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அரசுப் பணம் கொடுக்கும் இடத்தில் அந்த ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தால் எத்தனையோ பேர் வாழ்க்கை வேறாக இருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

புது மில்லில் காலடி வைத்தபோது வெளிச்சமும் சுத்தமும் என்னை அசத்தின. எங்கள் பழைய மெஷினில் நானூறு சொச்சம் கதிர். இங்கே ஒரு மெஷினில் ஆயிரத்துக்கு மேல், வேகமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தூசியை உறிஞ்ச மேலே ஓடும் குழாய். ஆனால் இழை அறுந்தால் சேர்ப்பது அதே விரல்தான். அதற்கு வந்தவர்கள் பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்கள். தேனி, புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம். 2002, 2003-இல் காவிரித் தண்ணீர் பொய்த்து டெல்டாவில் நடவு நின்றபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள். நாற்று நடும் கை அது. குனிந்து நிமிராமல் வேலை செய்த உடம்பு. நான் ஒரு தடவை காட்டியதை மூன்றாம் தடவையில் என்னைவிட நன்றாகச் செய்த பெண்கள் உண்டு. "சார், இந்தச் சத்தம் தூக்கத்துலயும் கேக்குது சார்" என்று முதல் வாரத்தில் ஒரு பெண் சொன்னாள். எனக்கு அது பழகிப்போக வருடங்கள் ஆயின. அவளிடம் சீக்கிரம் பழகிவிடும் அம்மிணி என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர்கள் தொழிலாளிகள் இல்லை என்றார்கள். பயிலுநர்கள். மூன்று வருடப் பயிற்சி, விடுதியில் தங்கல், தினம் ஒரு சிறு தொகை உதவித்தொகை, அதில் சாப்பாட்டுக்குப் பிடித்தம். மூன்று வருடம் முடித்தால் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ மொத்தமாகக் கொடுப்பார்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று ஊரில் ஏஜென்ட் சொல்லிக் கூட்டிவருவார். சுமங்கலித் திட்டம் என்று இதற்குப் பெயர். வரதட்சிணை வாங்குவதும் கொடுப்பதும் 1961 முதல் சட்டப்படி குற்றமான நாட்டில், அதற்குப் பணம் சேர்க்கும் திட்டமாகவே ஒரு வேலையை விளம்பரம் செய்தார்கள். இடையில் உடம்பு முடியாமல் போய்விட்டால் மொத்தத் தொகை போயிற்று, அல்லது எதையோ கையில் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் பணம் அவள் கூலியிலிருந்து ஒவ்வொரு நாளும் நிறுத்திவைத்ததுதான் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

சைடு ஓட்ட ஒரு பெண்ணுக்கு எத்தனை நாள் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. சில வாரத்தில் தனியாக நிற்பாள். ஆறு மாதத்தில் தேர்ந்த சைடர். மீதி இரண்டரை வருடமும் அவள் முழு உற்பத்தி கொடுத்தாள். பயிற்சி என்ற சொல் பதிவேட்டில் இருந்ததால் 480 நாள் சட்டம் அவளைத் தொடவில்லை. 2008-இல் தமிழக அரசு பஞ்சாலைப் பயிலுநர்களுக்கும் நாளுக்கு 110 ரூபாய் குறைந்தபட்ச ஊதியம் என்று நிர்ணயித்தது. அதுவும் பல இடங்களில் பிடித்தம் போகச் சுருங்கித்தான் கைக்கு வந்தது.

இரவு ஷிப்டையும் சொல்ல வேண்டும். பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சம உரிமைதான் காரணம், பாதுகாப்பு நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னது. கொள்கையளவில் அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ரீலிங் அக்காமார்களுக்கு எங்கள் காலத்தில் அந்த உரிமை இருந்திருந்தால் அவர்கள் இடம் பறிபோயிருக்காது. ஆனால் உரிமை வந்த நேரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளச் சங்கம் இல்லை. விடுதிக் கேட்டுக்கும் மில் கேட்டுக்கும் ஒரே வாட்ச்மேன். ஞாயிற்றுக்கிழமை வார்டனோடு கடைத்தெருவுக்குப் போய்வரலாம், அவ்வளவுதான். அந்தப் பெண்களை ஊரில் கேம்ப் கூலி என்பார்கள். முழு நைட் முடித்து வந்து படுத்தவளை, ஆள் குறைகிறது என்று மத்தியானம் எழுப்பி மறுபடியும் கூட்டிவருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாட்டேன் என்று சொன்னால் அவள் எங்கே போவாள்? படுக்கையும் சாப்பாடும் அதே காம்பவுண்டுக்குள்.

ஓடும் மெஷினைச் சுத்தம் செய்யச் சொன்னதால் ஒரு பெண்ணின் விரல் ரோலருக்குள் போயிற்று. வலது கை ஆள்காட்டி விரல். விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னேன். விடுதியில் கதவு இடுக்கில் நசுங்கியது என்று எழுதப்பட்டது. அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். நான் அவரிடம் ஈஎஸ்ஐ, நஷ்டஈடு பற்றியெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்று சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "பொண்ணு பேரு வெளிய வர வேணாங்கய்யா" என்றார். அந்த மில்லில் அதற்குப் பிறகு நான் நீடிக்கவில்லை.

கோவை மில்கள் மூடியதற்கு மெஷின்தான் காரணம் என்று படித்த பிள்ளைகள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். மெஷின் சில வேலைகளை எடுத்துக்கொண்டது உண்மை. ஆட்டோகோனர் வந்து கையால் முடிச்சுப் போட்டவர்களை அனுப்பியது, ஆட்டோ டாஃபர் வந்து டாஃபர்களை அனுப்பியது. அதில் நல்லதும் உண்டு, நுரையீரலுக்கு இப்போது தூசி குறைவு. ஆனால் சைடர் என்ற வேலை ஒழிந்துவிடவில்லை. இந்தியாவின் நூற்புக் கதிர்களில் பெரியதொரு பங்கு இன்றைக்கும் தமிழ்நாட்டில்தான் சுற்றுகிறது. நாங்கள் நூற்றதைவிட அதிக நூல் இப்போது வெளியே போகிறது. ஆள் தேவை, அதனால்தான் ஒடிசாவின் காலாஹண்டியிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் கூட்டிவருகிறார்கள். வேலை அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி ஒவ்வொன்றாகக் கட்டியிருந்ததைத்தான் கழற்றிவிட்டார்கள். பஞ்சப்படியைக் கழற்றியது எந்த மெஷினும் இல்லை. அதைக் கழற்றத் தெரிந்த மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்தது அது.

சட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. குறித்த காலத்துக்கு மட்டும் வேலை என்ற முறையை 2016-இல் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அனுமதித்தார்கள், 2018-இல் எல்லாத் தொழிலுக்கும் விரித்தார்கள். 100 பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிலையாணை கட்டாயம் என்றிருந்ததை 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 300 ஆக்கியது. கியர்ப்பெட்டி மூடிக்காக நான் கை கட்டி நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது அந்த நிலையாணைதான். எந்தத் தவறுக்கு என்ன தண்டனை, எப்படி விசாரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

இப்போது எனக்கு மாதா மாதம் பிஎஃப் பென்ஷன் வருகிறது. இரண்டாயிரத்தைத் தொடாது. 1995-இல் கொண்டுவந்த பென்ஷன் திட்டத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்துக் கணக்குப் போட்டதால் வந்த வினை. 2014-இலிருந்து குறைந்தபட்சம் ஆயிரம் ரூபாய் என்றார்கள். அந்த ஆயிரத்திலேயே நிற்கிற பழைய மில்காரர்கள் எங்கள் வீதியில் இருக்கிறார்கள். நவம்பர் வந்தால் அவர்களுடைய உயிர்வாழ் சான்றிதழுக்குக் கைரேகை வைக்க உதவி செய்யச் சங்க ஆபீசுக்குப் போவேன். பஞ்சும் நூலும் தேய்த்த விரல்கள், ரேகை மெஷினில் லேசில் பதியாது. கண்ணின் கருவிழியை வைத்து எடுக்க வேண்டியிருக்கும்.

போன வருடம் அங்கே ஒடிசாக்காரப் பையன் ஒருவன் வந்தான். சூலூர் பக்கம் ஒரு மில்லில் சைடர், வயது இருபத்து மூன்று இருக்கும். மூன்று வருடத்தில் நான்கு மில், எல்லாம் ஒரே ஏஜென்ட் மூலம். தமிழ் நன்றாகவே பேசினான். எத்தனை சைடு பார்க்கிறாய் என்று கேட்டேன். ஆயிரத்து இருநூறு கதிர் மெஷின் மூன்று, ஆறு சைடு என்றான், அறுபதாம் நம்பர். என்னால் கனவிலும் பார்த்திருக்க முடியாத வேலை அது. சம்பளத்தில் பிஎஃப் பிடிக்கிறார்கள், போனில் பார்த்தால் பணம் ஏறவில்லை என்றான். பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் எண் இரண்டு வைத்திருந்தான், ஒருவருக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும். ஒன்றில் சில மாதம், இன்னொன்றில் சில மாதம், நடுவில் ஏழு மாதம் எதிலுமே இல்லை. சம்பளச் சீட்டு கொடுப்பதில்லையாம். ஆனால் அவன் புத்திசாலி. ஒவ்வொரு மாதமும் ஷிப்ட் அட்டையைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தான். தேதி, ஷிப்ட், மெஷின் நம்பர், சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாம் தெளிவாக இருந்தன.

பிஎஃப் அலுவலகத்துக்கு, பிஎஃப் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் விசாரணை கேட்டு மனு எழுதினோம். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மில்லுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. மனு எழுதிய மறுவாரம் அவன் தன் அறையில் தங்கியிருந்த மற்றவர்களையும் கூட்டிவந்தான். அவர்களில் இரண்டு பேர் தேனிக்காரப் பையன்கள், மற்றவர்கள் ஒடிசா. அவர்கள் அட்டைகளையும் வாங்கி மாதவாரியாக அடுக்கி, அதே மனுவோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.